மீசைக் கவர்னருக்கு இட்லி ஊற்றப் போன கதை

அமெரிக்காவுக்குப் படிக்கப் போவார்கள், வேலைக்குப் போவார்கள், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டப் போவார்கள். நான் இட்லி ஊற்றப் போனேன். அதுவும் ஒரு கவர்னருக்காக. அந்தக் கவர்னர் கடைசிவரை என் இட்லியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

கோபிச்செட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு எதுவானாலும் சின்னராசு மாஸ்டர் என்றால் தெரியும். படிப்பு மட்டும் ஏறவில்லை. ஆறாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஏழாவதுக்குப் போய்விட்டார்கள். பெஞ்சு தனியாக இருக்குமே என்று நான் கொஞ்ச நாள் துணைக்கு இருந்துவிட்டு, நேராக அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

என் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் அமெரிக்காவில். மூத்தவன் செந்தில் நியூ ஜெர்சியில். நடுப்பெண் மாலதி கலிபோர்னியாவில், மில்பிடாஸில். கடைக்குட்டி கவிதா டெக்ஸாஸில், சுகர் லேண்டில். இந்தக் கவிதாதான் என்னைக் கூப்பிட்டது.

"மாமா, இந்த வருஷம் இங்க பிரசிடென்ட் எலெக்‌ஷன். எங்க கேண்டிடேட்டுக்கு இந்த ஏரியாவை நான்தான் பாத்துக்கறேன். வர்ற வாலன்டியருக்கெல்லாம் பீட்ஸா வாங்கிக் குடுத்து அவங்களுக்கும் அலுத்துப் போச்சு, எனக்கும் அலுத்துப் போச்சு. நீங்க வந்து இட்லி ஊத்திக் குடுக்கோணும்."

தேர்தல் நவம்பரில்தானே, இப்போதுதானே தை பிறந்திருக்கிறது என்று கேட்டேன். நவம்பரில் நடப்பது கட்சிக்கும் கட்சிக்கும், இப்போது நடப்பது கட்சிக்குள்ளேயே யார் நிற்பது என்பதற்கு என்றாள். நம் ஊரில் அதற்கெல்லாம் தேர்தல் கிடையாது. தலைவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற நேரத்துக்குள் முடிவாகிவிடும். இவர்கள் அதை மாநிலம் மாநிலமாக, ஆளுக்கொரு தேதி வைத்து, அரை வருஷம் இழுக்கிறார்கள்.

அவளுடைய ஆள் ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்துக் கவர்னர். கவர்னர் என்றதும் ராஜ்பவனில் டீ விருந்து கொடுக்கிறவர் என்று நினைத்தேன். இங்கே கவர்னர்தான் முதலமைச்சர் மாதிரி என்று விளக்கிவிட்டு போட்டோ அனுப்பினாள். நல்ல அடர்த்தியான மீசை. அந்த மீசைக்காகவே ஒப்புக்கொண்டேன். எந்தக் கட்சி என்று இங்கே எழுத மாட்டேன். என் வீசா இன்னும் உயிரோடு இருக்கிறது, மறுபடியும் போக ஆசையும் இருக்கிறது.

கவிதாவுக்கு இது விளையாட்டில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு வருஷமாக வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவள் பூத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள். சிட்டிசன் ஆகி வருஷக்கணக்கானாலும் இந்தக் கட்சித் தேர்தலில் ஓட்டே போடாதவர்கள். நாடு எப்படியும் போகட்டும், என் பூத்தில் மீசைக்காரர் முதலாவதாக வரவேண்டும், அது போதும் மாமா என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே இருந்தது.

நியூ ஜெர்சியில் இறங்கியதும் ஒரு அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இட்லித்துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். நாலு பக்கமும் திருப்பினார். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்கு இட்லி வராது. நான் மாவு ஊற்றுகிற மாதிரியும் ஆவி பறக்கிற மாதிரியும் கையால் நடித்துக் காட்டினேன். பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அவர் துணியை மோந்து பார்த்துவிட்டு, மடித்து, மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் செந்தில் என்னை நியூயார்க்கைக் காட்ட ரயிலில் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது அவன் கண் முழுக்க போனில். நியூ ஹாம்ப்ஷயர் என்ற மாநிலத்தில் அன்றைக்கு ஓட்டுப்பதிவு. அந்த மாநிலத்து ஜனம் மொத்தமும் சேர்ந்தாலும் நம் பக்கத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் பாதி தேறாது. ஆனால் அங்கே யார் முதலாவது, யார் இரண்டாவது என்பதற்கு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எதிர் சீட்டில் ஒரு வயசான வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். செந்தில் எனக்குத் தமிழில் சொன்னான்.

"நம்ம முறை வர்றதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றாராம் கிழவர்.

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் போய் நிக்கறீங்க?" என்றாராம் கிழவி.

"ஓட்டுப் போட்டா சட்டையில ஒட்டிக்க ஸ்டிக்கர் குடுக்கறாங்கல்ல."

இதை மொழிபெயர்த்த மும்முரத்தில் செந்தில் ரயிலில் சொன்ன அறிவிப்பைக் கேட்கவில்லை. எங்கள் ஸ்டேஷனில் முன்பெட்டிகளின் கதவு மட்டும்தான் திறக்குமாம். நாங்கள் இருந்தது கடைசிப் பெட்டி. மூடிய கதவுக்குப் பின்னால் நின்று, எங்கள் ஸ்டேஷனுக்குக் கையசைத்துவிட்டு, அடுத்த ஊரில் போய்க் குளிரில் இறங்கினோம்.

அந்தக் குளிரில்தான் செந்தில் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டினான். நியூ ஜெர்சியில் ஓட்டுப்பதிவு ஜூன் மாதமாம். அதற்குள் ஒருத்தரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் விலகியிருப்பார்கள். தானும் ஒவ்வொரு முறையும் போய், ஒரே ஒரு ஆள் மிச்சமிருக்கிற போட்டியில் ரொம்ப யோசித்து ஓட்டுப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான்.

எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. கல்யாணத்தில் முதல் பந்தி, கடைசிப் பந்தி என்று இருக்கிறதே, அதேதான். முதல் பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் அவர்களுக்குத்தான் எல்லாப் பதார்த்தமும். அவர்கள் முகத்தைச் சுளித்த கூட்டை அடுத்த பந்திக்கு நான் அனுப்பவே மாட்டேன். கடைசிப் பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்தாலும் சாம்பாரும் மோரும்தான். செந்திலிடம் இதைச் சொன்னேன். அவன் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, "எங்களுக்கு மோர் மட்டும்தானுங்க மாமா" என்றான்.

வீட்டுக்குப் போய் டிவி போட்டால் இன்னொரு வேடிக்கை. முதலாவது வந்தவர் துக்க வீட்டு முகத்தோடு பேசினார். இன்னும் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்களாம், அது நடக்கவில்லையாம். நம் மீசைக்காரர் மூன்றாவது. அவர் மேடையில் துள்ளிக் குதித்தார். ஐந்தாவது வருவார் என்று நினைத்தவர் மூன்றாவது வந்துவிட்டாராம், ஆகவே அது வெற்றியாம். எங்கள் அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நான் அத்தனை அடி வாங்கியிருக்க மாட்டேன். எல்லாப் பாடத்திலும் கோட்டை விடுவான் என்று எதிர்பார்த்த பையன் தமிழில் பாஸ் பண்ணினானே, அது வெற்றி இல்லையா?

கவிதா போனில் அழுதாள். சந்தோஷ அழுகை. வேட்பாளர்களில் இரண்டு பேர் அன்றைக்கே விலகிக்கொண்டார்கள். நான் அமெரிக்கா வந்து இன்னும் ஒரு பானை மாவுகூட ஆட்டவில்லை, அதற்குள் ரெண்டு பேர் காலி.

மில்பிடாஸில் வெயில் அடித்தது. மனிதன் குடியிருக்கிற ஊர் என்று தோன்றியது. கடைவீதியில் கறிவேப்பிலை கிடைத்தது, வாழை இலைகூடக் கிடைத்தது, ஆனால் பனிக்கட்டியாக. அதை விரித்தால் உடைந்தது.

கலிபோர்னியாவில் ஓட்டுச் சீட்டை வீட்டுக்கே தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். ஓட்டுப்பதிவு நாள் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் நிரப்பி அனுப்பலாம். மாலதி வீட்டில் அந்தச் சனிக்கிழமை நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சீட்டோடு வந்து சேர்ந்தன. அதற்கு பேலட் பார்ட்டி என்று பெயர். நான் வெஜிடபிள் பிரியாணி போட்டேன். அவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கூடவே வந்த தடித்த புத்தகத்தை ஜாதகம் பார்க்கிற மாதிரிப் புரட்டினார்கள். ஜனாதிபதிக்கு யார் என்பது முதல் வரி, அதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அதற்குப் பிறகு நீதிபதிகள், பள்ளிக்கூடக் கடன் பத்திரம், தண்ணீர் வாரியம் என்று போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் வாரியத்தில் ரெண்டு பேருக்குச் சண்டை வந்து ஒருத்தர் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அமெரிக்காவை யார் ஆண்டாலும் அவருக்குப் பரவாயில்லை, தண்ணீர் வாரியத்தில்தான் அவருக்கு உயிர் இருந்தது.

மாலதிக்கு இது சிட்டிசன் ஆன பிறகு வருகிற முதல் ஓட்டு. சமையல்கட்டுக்கு வந்து, "மாமா, பெரியவங்க கையால தொட்டுக் குடுங்க" என்று சீட்டை நீட்டினாள். முதல் ஓட்டு, நல்ல காரியம். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற மாதிரி நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து வைத்துக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஹாலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சீட்டைப் பார்த்தார்கள். ஒருத்தர் மெதுவாக, மெஷின் எடுக்காது என்றார்.

திங்கட்கிழமை மாலதியோடு நானும் தேர்தல் ஆபீசுக்குப் போனேன், குற்றவாளி என்ற முறையில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் சொன்னதை மாலதி பிறகு சொன்னாள்: காபி கொட்டின சீட்டு வரும், நாய் கடித்த சீட்டு வரும், அலங்காரம் பண்ணின சீட்டு இதுதான் முதல். கோபப்படாமல் பழையதை ரத்து செய்துவிட்டு வேறொன்று கொடுத்தார்.

காரில் வரும்போது மாலதி அந்தப் புதுச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நிரப்பவில்லை. ஏன் கண்ணு என்று கேட்டேன்.

"நடுவுல இன்னும் ரெண்டு ஸ்டேட் இருக்குங்க மாமா. அதுல எவன் நிப்பான், எவன் போவான்னு யாருக்குத் தெரியும்? கடைசி நாள் போட்டுக்கறேன். கவிதாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தங்கச்சி ஆளுக்கு அக்காவே போடலியான்னு சாமியாடுவா."

டெக்ஸாஸில் என்னைக் கூட்டிப்போக வந்தது கவிதாவின் வீட்டுக்காரர் பிரபு. ஏர்போர்ட்டிலிருந்து ஃப்ரீவேயில் பேசிக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டார். நம் ஊரில் என்றால் கொஞ்சம் ரிவர்ஸ் எடுப்போம், எதிரே வருகிறவன் திட்டுவான், முடிந்தது. இங்கே ஒரு எக்ஸிட்டை விட்டால் அடுத்தது வருவதற்குள் எனக்கு ஒரு தூக்கம் முடிந்திருந்தது. அவசரப்படுகிற ஆள் இல்லை பிரபு. பரவாயில்லைங்க மாமா, ஊரைப் பாத்த மாதிரி ஆச்சு என்றார். பிரபுவின் சுபாவம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

அவருக்கும் ஒரு குறை இருந்தது. ஒரு வருஷமாகப் பெண்டாட்டி வீட்டிலேயே இல்லை. இருந்தாலும் காதில் போன். மீசைக்காரர் மேல் அவருக்கு ஒரு நல்ல அபிப்பிராயமும் இல்லை. "எம் பொண்டாட்டி பேரு அந்தாளுக்குத் தெரியுமாங்க மாமா? நாளைக்கே தோத்தா ஒரு போன் பண்ணுவானா?" என்று கேட்டார். மீசை நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

டெக்ஸாஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் ஓட்டுப்பதிவு ஒரே நாள்தான். ஆனால் டெக்ஸாஸில் முன்கூட்டியே ஓட்டுப் போடலாம். ஓட்டுப்பதிவு செவ்வாய்க்கிழமை என்றால் அதற்கு முந்தின வெள்ளி வரைக்கும் நேரில் போய்ப் போட்டுவிட்டு வரலாம். கவிதாவின் திட்டமே இதில்தான் இருந்தது. நம்மவர்கள் வேலை நாளில் ஓட்டுப் போட வரமாட்டார்கள், மீட்டிங் இருக்கிறது என்பார்கள். ஆகவே சனிக்கிழமை குழந்தைகளைத் தமிழ் வகுப்பில் விட்டதும் பெற்றோரை அப்படியே வண்டி வண்டியாகப் பூத்துக்கு அனுப்பிவிடுவது. பூத்து அடுத்த தெருவில்தான். தமிழ் வகுப்பு வாசலில் என் இட்லிக் கடை.

அந்தச் சனிக்கிழமை நான் ஊர் வழக்கப்படி ஒரு ஏற்பாடு செய்தேன். ஓட்டுப் போட்டு வந்தவர்களின் சட்டையில் ஸ்டிக்கர் இருக்கும் இல்லையா, ஸ்டிக்கரைக் காட்டினால் தட்டில் நாலு இட்லி, வடை, கெட்டிச் சட்னி. ஸ்டிக்கர் இல்லாதவர்களுக்கு, போய்விட்டு வாங்க சாமி என்று சொல்லி அனுப்பினேன். வியாபாரம் சூடு பிடித்தது. பூத்துப் பக்கம் கூட்டம் ஓடியது. கவிதா ஓடி வந்து என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மாமா, ஓட்டுக்குச் சோறு போட்டா இங்க கிரைம். என்னையும் உங்களையும் சேத்து உள்ள வெச்சுருவாங்க."

நாலு இட்லிக்கா என்று கேட்டேன். ஒரு இட்லிக்கே என்றாள். நம் ஊர்த் தேர்தல்களில் நான் போட்ட பிரியாணியை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். இந்நேரம் ஆயுள் தண்டனையே முடிந்திருக்கும்.

அதிலிருந்து சட்டம் மாறியது. ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும், எங்கள் ஆளுக்குப் போட்டாலும் எதிராளிக்குப் போட்டாலும், வந்தவர்களுக்கெல்லாம் இட்லி, வெள்ளிக்கிழமை வரை தினமும். இதில் அதிகம் லாபம் அடைந்தது அதே கட்சிக்குள் எதிர்த்து நின்ற வேட்பாளரின் ஆட்கள். அவர் ஒரு வயசான செனட்டர், தடித்த கண்ணாடி போட்டவர். அவருக்காக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நெட்டையான வெள்ளைக்காரர், தலையில் பெரிய தொப்பி, தினமும் முதல் ஆளாக வந்துவிடுவார். இந்த வெள்ளைக் கேக்கில் என்ன இருக்கிறது என்று முதல் நாள் சந்தேகமாகக் கேட்டவர், மூன்றாம் நாள் பொடிக்கு நல்லெண்ணெய் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கை காட்டினார்.

இன்னொரு வேடிக்கை. டெக்ஸாஸில் பூத்துக்குள் போனதும் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று மேஜையில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டாய் என்பது ரகசியம், எந்தக் கட்சியின் சீட்டு வாங்கினாய் என்பது பதிவாகிவிடும். சிவராமன் அங்கிள் என்று ஒருத்தர், ரிட்டயர் ஆனவர், மயிலாப்பூர்க்காரர், விருந்துக்குப் போனால் அந்தந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சி. அவர் வரிசையில் தனக்கு முன்னால் ஒரு கட்சி நண்பரும் பின்னால் இன்னொரு கட்சி நண்பரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய் வெளியே வந்து என்னிடம் இட்லி வாங்கித் தின்றார். அவர்கள் ரெண்டு பேரும் போகும்வரை தின்றுகொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் நம் கவிதா சொன்னபடியே போட்டுவிட்டு, ஸ்டிக்கரைச் சட்டைக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தார். சிட்டிசன் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் போட்ட முதல் ஓட்டாம். போன் பண்ணிப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கவிதாவின் வேலை முடிந்தது. அவள் கதவு தட்டின வீடுகளில் ஏறக்குறைய எல்லாரும் போட்டுவிட்டார்கள். போடாத ஒரே ஆள் அவள் வீட்டிலேயே இருந்தார். பிரபு.

"ஊரே போட்டாச்சு, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று அவள் கேட்டதற்கு, செவ்வாய்க்கிழமைதானே எலெக்‌ஷன், செவ்வாய்க்கிழமை போட்டால் செல்லாதா என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. மாமா, சாம்பாரை அங்க தள்ளச் சொல்லுங்க, மாமா, உப்பு கேட்டுச் சொல்லுங்க என்று எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

சனிக்கிழமை தெற்கு கரோலினாவில் ஓட்டுப்பதிவு. நம் மீசைக்காரர் நாலாவது. இந்தத் தடவை அவர் துள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கேரேஜில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். டிவியில் மீசைக்காரர், பக்கத்தில் சம்சாரம், பின்னால் கொடிகள். கவிதா நின்றபடியே பார்த்தாள். எனக்கு வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த அம்மா கணவன் தோளில் கை வைத்ததுமே புரிந்துவிட்டது. விலகிக்கொள்கிறார். மறுநாள் அதே மனுஷன் அந்தக் கண்ணாடிக்கார செனட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் ஆதரவாளர்கள் எல்லாரும் இவருக்குப் போடுங்கள் என்றார்.

எல்லாரும் எப்படிப் போடுவார்கள்? எல்லாரும்தான் போட்டாயிற்றே.

சீட்டில் மீசைக்காரர் பெயர் அப்படியேதான் இருந்தது. விழுந்த ஓட்டும் எண்ணப்படும். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மாற்றிப் போடவும் வழியில்லை. கவிதாவின் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொருத்தரும் அதையேதான் கேட்டார்கள்: ஏம்மா எங்களை அவசரப்படுத்தினே? அவள் எல்லாருக்கும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிவராமன் அங்கிள் போன் பண்ணவில்லை. நேராகவே வந்துவிட்டார்.

"முதல் ஓட்டும்மா. அறுபத்தெட்டு வயசுல. அதைக் கொண்டு போய் ஆளில்லாத வீட்டு வாசல்ல போட வெச்சுட்டியே."

கவிதா அவரை வாசல்வரை கொண்டு விட்டாள். அவர் போன பிறகு கேரேஜில் என் கிரைண்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாலதி இன்னும் சீட்டைப் பையிலேயே வைத்திருந்ததை அப்போது சொல்லாமல் இருந்தேன் பாருங்கள், என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

திங்கட்கிழமை தொப்பிக்காரர் வந்தார். இட்லி கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கவிதாவிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிரபு எனக்குச் சொன்னார்: போன தேர்தலில் தன் ஆளும் இப்படித்தான் போனார், ஒரு வாரம் நாயைக்கூட வாக்கிங் கூட்டிப்போகவில்லை, பிறகு பழகிவிட்டது.

இப்போது பாருங்கள் விதியை. அந்த வட்டாரத்தில் உயிருள்ள ஓட்டு வைத்திருந்த ஒரே ஆள் பிரபுதான். ரெண்டு வாரமாகச் சோம்பேறி என்று பெயர் வாங்கினவருக்குத் திடீரென்று மாப்பிள்ளை மரியாதை. போன் மேல் போன். தம்பி, எங்களுக்கெல்லாம் சேத்து நீங்க பாத்துப் போடுங்க. செவ்வாய்க்கிழமை காலை அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தபோது கவிதா நாலு நாள் கழித்து முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினாள்.

"கவர்னரே சொல்லீட்டாரு. அந்த செனட்டருக்குப் போட்டுட்டு வாங்க. இந்த ஒண்ணாவது உருப்படியாப் போகட்டும்."

நானும் கூடப் போனேன். வரிசை கட்டடத்தைச் சுற்றிப் போயிருந்தது. பிரபு உள்ளே போய் வந்தபோது ஸ்டிக்கர் சட்டையின் வெளிப்பக்கம் இருந்தது. வரும்போது ரோட்டையே பார்த்து ஓட்டினார். இந்தத் தடவை எக்ஸிட்டையும் விடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கவிதா கேட்டாள், போட்டீங்களா என்று.

"போட்டேன். உங்க மீசைக்குத்தான்."

"உங்களுக்கு மூளை இருக்குதா? இருந்த ஒரே ஓட்டு."

"இருக்கட்டும். எனக்கு அந்தாளைப் பிடிக்காது, இப்பவும் பிடிக்காது. ஒரு வருஷமா வெயில்லயும் மழையிலயும் நீ நடந்தே. அதை எண்ணறப்ப என் ஓட்டு அதுல இல்லாமப் போகக் கூடாது."

கவிதா அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை பூத்து வாரியாகக் கணக்கு வந்தது. கவிதா லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். என்னைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எது மேலே இருக்கிறது எது கீழே இருக்கிறது என்று தெரியும். மாநிலத்தில் கண்ணாடிக்காரர் அடித்துத் தூக்கிவிட்டார். கவிதாவின் பூத்தில் மட்டும் மேலே இருந்தது மீசைக்காரர். ஆளே இல்லாமல் ஜெயித்திருந்தார்.

மீசைக்காரரின் ஹூஸ்டன் ஆபீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு மேலே பொறுப்பில் இருந்த பெண்ணுக்குப் போட்டாள். அவள் அதற்குள் வேறொரு மாநிலத்தில் வேறொரு வேட்பாளரிடம் சேர்ந்து விமானத்தில் ஏறிவிட்டாளாம். ஜெயித்த சேதியைச் சொல்ல அமெரிக்காவில் ஒரு ஆள் இல்லை. கடைசியில் தொப்பிக்காரர்தான் போன் பண்ணினார். தங்கள் ஆள் தோற்றது ஊரிலேயே அந்த ஒரு பூத்தில்தான், யார் அந்த வேலையைச் செய்தது என்று எங்கள் ஆபீசில் கேட்கிறார்கள், நவம்பருக்கு எங்களோடு வர முடியுமா என்றாராம். யோசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயந்தரம் மூன்று பேருமாகக் கிளம்பினோம். வீட்டு வாசல் புல்தரைகளில் மீசைக்காரர் பெயர் எழுதிய சின்ன போர்டுகளை நட்டு வைத்திருந்தாள், அவற்றைப் பிடுங்க வேண்டும். பிரபு வண்டியை ஓட்டினார், நான் டிக்கியில் அடுக்கினேன். சில வீடுகளில் திரை விலகி மூடியது. யாரும் வெளியே வரவில்லை.

சிவராமன் அங்கிள் வீட்டு வாசலில் கவிதா குனிந்து போர்டின் கம்பியைப் பிடித்தாள். கதவு திறந்தது. அவர் செருப்புகூடப் போடாமல் புல்லில் இறங்கி வந்தார். கையில் போன், அதில் அதே கணக்கு. அன்றைக்குப் போலவே மறுபடியும் திட்டு வாங்க அவள் தயாராக நிமிர்ந்து நின்றாள்.

அவர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஜெயிச்ச ஆளோட போர்டை எதுக்கும்மா புடுங்கறே?"

கவிதா கம்பியை விட்டாள். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அங்கிள் வெறும் காலால் அதை மிதித்து நேராக நிறுத்திவிட்டு, உள்பக்கத்திலிருந்து எடுத்துச் சட்டைக்கு வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு உள்ளே போனார்.